டேங்குக்குள்ள ஓடுற மோட்டார்

எங்க தெருவுல ராத்திரி பிரசவ வலின்னாலும், பட்டாசு ஆலையில யாருக்காவது தீக்காயம்னாலும் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடுறது எங்க வீட்டு பழைய மாருதி 800தான். எம்.பி.எஃப்.ஐ. வண்டி. போன வாரம் செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல.

சாவி போட்டதும் பின்னாடி ரெண்டு செகண்டு 'உய்ங்'னு ஒரு சத்தம் வரும். அது வரல. மெக்கானிக் தம்பி பியூஸ், ரிலே ரெண்டையும் பார்த்தார், நல்லா இருந்தது. பம்பு வரைக்கும் கரண்டும் வருது. அப்போ பம்புதான் போச்சுன்னார்.

பழைய கார்புரேட்டர் வண்டியில பம்பு இன்ஜினோடவே ஒட்டி இருக்கும், இன்ஜின் ஓடுற ஓட்டத்துலயே பெட்ரோலை இழுக்கும். இதுல கரண்டு மோட்டார், டேங்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கிக் கிடக்கும்.

"பெட்ரோலுக்குள்ள மோட்டாரா? பொறி பறக்காதா?"ன்னு கேட்டா எங்க வீட்டம்மா. பட்டாசு ஆலையில வேலை பார்த்தவ. உள்ள நுழையுமுன்ன உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்புல ஏறின மின்சாரத்தை இறக்கிட்டுப் போய்ப் பழகினவ.

"எரியணும்னா காத்து வேணும்க்கா. முங்கிக் கிடக்குற மோட்டாருக்குள்ள ஏது காத்து? வெளிய எடுக்கும்போதுதான் பயம். ஆவியும் காத்தும் கலக்குற நேரம் அது"ன்னார் தம்பி.

அதனால ஷெட்டுக்குள்ள வேணாம்னு வேப்பமரத்தடிக்குத் தள்ளிட்டுப் போனோம். செல்போனெல்லாம் வீட்டுல. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டியாச்சு. குழாயில அழுத்தம் நிக்கும்னு துணியைச் சுத்தி மெதுவா இளக்கினார். பெட்ரோலை வடிச்சு கேன்ல மூடி தூர வச்சுட்டு, டேங்கை இறக்கினார். பம்போட அடிச் சல்லடை பூரா கருப்புச் சேறு.

கடையில பேர் தெரியாத பம்பு பாதி விலைக்கு இருந்துச்சு. மக்காச்சோளம் வித்த காசு கையில கொஞ்சந்தான். ஆனா தீக்காயம் பட்ட பிள்ளையை ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நின்னா என்ன செய்ய? கம்பெனி பம்பே வாங்கினோம். கூடவே புது சல்லடை, புது ரப்பர் வாஷர்.

நம்ம ஊர்ல காசு கொஞ்சங்கொஞ்சமா வரும், பெட்ரோலும் 200 ரூபாய்க்குத்தான் போடுவோம். ஆனா அந்த மோட்டாரைக் குளுப்பாட்டுறதே பெட்ரோல்தான். டேங்கு அடியில ஒட்டிக்கிட்டே ஓடினா மோட்டார் சூடாகும், அடியில கிடக்குற கசடையும் இழுக்கும். கால் டேங்கு எப்பவும் கிடக்கட்டும். 'உய்ங்' சத்தம் வழக்கத்தை விட பெருசாக் கேட்டா, அது நிக்கிற வரைக்கும் காத்திருக்காம வண்டியைக் காட்டிருங்க.