வீட்டுப் பிரிண்டர் 'ஓஃப்லைன்' என்று சொன்னால்...



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே பிரிண்டரை இரண்டு மூன்று கொம்பியூட்டரில் இருந்து பாவிக்கும் வீடுகள் இப்போது நம் பக்கமும் கூடிவிட்டன. அவர்களுக்காகத்தான் இது. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். ஒரு மேசைக் கொம்பியூட்டர், ஒரு லெப்டொப், பிள்ளைகளின் ஃபோன்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பிரிண்டர். 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கையில் இருந்த தாளில், கரண்ட் இருக்கிற நேரத்துக்குள், தெருப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து "ரீச்சர் வீட்டில் எடுப்போம்" என்று அயலவர்களும் வருகிறார்கள். வருவது எங்களுக்குச் சந்தோசம்தான்.

அண்மையில் ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். பக்கத்து ஒழுங்கை மாமி ஒருவர் வந்தார். காணி உறுதியின் பிரதி ஃபோனில் இருந்தது. அடுத்த நாள் காலையில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 1990இல் வெளியேறும்போது மூல உறுதி கைவிட்டுப் போனது. பல வருடங்களுக்குப் பிறகு காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி அது. கொமினிகேஷன் கடைகளும் பூட்டியாயிற்று. எங்கள் பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, மை இருக்கிறது, தாள் இருக்கிறது. ஆனால் கொம்பியூட்டர் 'ஓஃப்லைன்' என்றே சொல்லிக்கொண்டு நின்றது. "பிரிண்டர் பழுது உம்மா, புதுசு வாங்குவம்" என்றான் மகன்.

பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை. அன்று பின்னேரம் கரண்ட் போய் வந்திருந்தது. அதுதான் விசயம்.

வீட்டு ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஐ.பி. முகவரி என்பது அதைத்தான். அது நிரந்தரமானதல்ல, இரவல். கரண்ட் போய் வந்தால் சில ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடும். முதலில் எழும்பும் ஃபோனுக்குப் பிரிண்டரின் பழைய எண் போய்விடும். பிறகு எழும்பும் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். கொம்பியூட்டரோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் 'ஓஃப்லைன்' என்று காட்டிவிடும்.

இப்படிப் பாருங்கள்:

1. பிரிண்டரின் திரையிலோ, அதுவே அடித்துத் தரும் நெட்வேர்க் தகவல் தாளிலோ இப்போதைய எண் இருக்கும். எங்களுடையது 192.168.1.7 என்று காட்டியது.

2. கொம்பியூட்டரில் 'பிரிண்டர் புரொபர்ட்டீஸ்' போய் 'போர்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். எங்கள் லெப்டொப்பில் 192.168.1.4 என்று கிடந்தது. புது எண்ணைக் கொடுத்து 'அட் போர்ட்' செய்தால் போதும்.

3. அதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் வேலைகளை அழித்துவிடுங்கள். அடிக்கவில்லையே என்று ஏழு தடவை அமத்தியிருந்தால், வழி திறந்ததும் ஏழும் வந்து விழும். தாள் விற்கிற விலைக்கு அது தாங்காது. அழிய மறுத்தால் 'சேர்விசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தித் திரும்பத் தொடக்குங்கள்.

4. இனி இப்படி நடக்காமல் இருக்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வையுங்கள். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். ஐந்து நிமிட வேலை.

பிரிண்டர் யூ.எஸ்.பி. வயரில் ஒரு கொம்பியூட்டரோடு பூட்டியிருந்தால் கதை வேறு. அந்தக் கொம்பியூட்டர் விழித்திருந்தால்தான் மற்றவர்கள் அடிக்கலாம். நெட்வேர்க்கும் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். இன்னொன்று: வீட்டுப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் பெயரைத் தேடிக் களைக்காதீர்கள்.

'0x0000011பி' என்ற பிழை வந்தால் அது 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டோடு தொடங்கியது. பிரிண்டர் வழியாகக் கள்ளர் புகும் ஓர் ஓட்டையை அந்த வருடம் அடைத்தார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அதைச் செய்யாதீர்கள். எல்லாக் கொம்பியூட்டரையும் ஒரே மாதிரி அப்டேட் செய்து, பிரிண்டர் டிரைவரையும் புதுப்பியுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினியில் அடித்த வினாத்தாளை வேறு கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அங்கே பாமினி எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம். பிரிண்டரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள்.

மாமியின் தாள் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்று மனதில் நிற்கிறது. விலாசம் மாறினால் என்ன ஆகும் என்று நம் ஊராருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புத்தளத்தில் ஒரு விலாசம், சோனகத் தெருவில் ஒரு விலாசம், வாக்காளர் இடாப்பில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. எத்தனை கடிதங்கள் ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கும்! ஆள் உயிரோடு இருப்பார், கந்தோரில் 'இங்கே இல்லை' என்பார்கள். அந்த வேதனையெல்லாம் ஒரு தாளில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. பிறப்புப் பத்திரம், உறுதி, கிராம சேவகர் கடிதம் என்று எல்லாமே தாள்.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். பிரிண்டருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக்கி, அதை ஒரு துண்டில் எழுதிப் பிரிண்டரின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மற்றது, வீட்டில் உள்ள முக்கியமான பத்திரங்களை ஸ்கேன் செய்து, இன்னொரு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு இதைப் பிள்ளைகள் செய்து கொடுங்கள்.

முடியாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம். தாள் மட்டும் கொண்டு வந்தால் சந்தோசம்!