வறண்ட கிணற்றுக்கு என்ன எண் போடுவது?

ஓசூரில் ராயக்கோட்டை பஸ் ஏறினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் உத்தனப்பள்ளி. ஆலைச் சுவர்கள் முடிந்ததும் பசுமைக்குடில்கள், தக்காளிக்கு நட்ட குச்சிகள், பூத்து நிற்கும் மாமரங்கள். பஸ்ஸுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து காதில் விழுகிறது. மார்ச் மாதம்தான், ஆனால் எட்டரை மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத்து டீக்கடையில் டீ 12 ரூபாய். ஜியாலஜி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரும் அவர்களுடைய ஆசிரியரும் அங்கே எனக்காகக் காத்திருந்தார்கள்.

"ஜியாலஜி பிள்ளைகளுக்குக் கோடிங் ஏறாது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். அன்றைய கோடிங் பாடத்துக்கான ஃபைல் எங்கே என்று ஆசிரியரிடம் கேட்டதற்கு, "இன்னிக்கு நாம அளக்கறதுதான் சார் ஃபைல்" என்றார். அவர் பையில் 50 மீட்டர் டேப் ஒன்று இருந்தது. ஓசூரில் 400 ரூபாய்க்கு வாங்கியதாம். நுனியில் இரும்புக் குண்டு கட்டியிருந்தார்.

முதல் கிணறு மெயின் ரோட்டில் இருந்து அரைக் கிலோமீட்டர், ரோஜாத் தோட்டத்துக்குள். "இருபத்தஞ்சு அடியில தண்ணி கெடக்குது" என்றார் தோட்டக்காரர். கைப்பிடிச் சுவரின் மேலிருந்து டேப்பை விட்டதில் 8.7 மீட்டர். சுவரின் உயரம் 0.8. அதைக் கழித்தால் தரையில் இருந்து 7.9 மீட்டர், அதாவது 26 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவர் கணக்கு கிட்டத்தட்ட சரிதான். ஆனால் நோட்டில் ஏறியது டேப்பால் அளந்து கிடைத்த 7.9தான். கிணற்றுச் சுவரில் மேலே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை. கீழே வெள்ளையும் கருப்புமாக வரியோடிய நைஸ் பாறை, சுமார் 250 கோடி வருடப் பழசு. அந்த மக்கிய அடுக்கில் தங்குகிற தண்ணீரைத்தான் இந்தத் திறந்த கிணறுகள் பெரும்பாலும் நம்பியிருக்கின்றன.

அடுத்த இரண்டு கிணறுகளில் 11.2, 9.6 மீட்டர். வழியில் ஒருவர் தன் போர்வெல் 1,100 அடி என்றார். மூடி போட்டு இறுக்கியிருந்ததால் அளக்க வழியில்லை. ஒரு பையன் 1,100 என்று எழுதப்போனான், ஆசிரியர் தடுத்துவிட்டார். அது துளையின் ஆழம், நீர்மட்டம் இல்லை. அதோடு, போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவது ஆழத்துப் பாறை வெடிப்புகளில் இருந்து. கிணற்றோடு சேர்த்து அதைச் சராசரி போடவும் கூடாது.

நாலாவது கிணற்றைப் பற்றி, "இது வத்தினதே இல்லம்மா" என்று வேலியோரம் நின்ற அம்மா சொன்னார். எட்டிப் பார்த்தோம். அடியில் வெடித்துக் கிடந்த வண்டல், இரண்டு மூன்று பிளாஸ்டிக் கவர்கள். டேப் தட்டிய இடம் தரையில் இருந்து 14 மீட்டர். ஐந்தாவது கிணற்றில் 11.3.

மதியம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் மூன்று லேப்டாப்புகளைத் திறந்தார்கள். பைத்தான் அடிப்படையை, மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலோடு வரும் பாடங்களைக் கேட்டுப் பழகியவர்கள். அளவுகளை அட்டவணையாக்கி, பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் சராசரி எடுக்கச் சொன்னார் ஆசிரியர்.

வறண்ட கிணற்றுக்கு ஒருவன் 0 போட்டான். சராசரி 8.0 மீட்டர் என்று வந்தது. நிரல் தடங்கலில்லாமல் ஓடியதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆசிரியர் உட்பட. கிணற்றை எட்டிப் பார்த்திருந்த ஒரு பெண்தான் முதலில் பேசினாள்: "சார், ஜீரோன்னா தண்ணி தரைக்குச் சமமா நிக்குதுன்னு ஆயிடும்ல?"

அடுத்த லேப்டாப்பில் எண்ணுக்குப் பதில் "வறண்டது" என்று அடித்தார்கள். எழுத்தைச் சராசரி எடுக்க முடியாதே, சிவப்பில் பிழை வந்து நின்றது. மூன்றாவதில் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். பாண்டாஸ் காலிக் கட்டத்தைத் தானே ஒதுக்கிவிட்டு மற்ற நாலுக்கும் சராசரி போட்டது: 10.0. பூஜ்ஜியத்தால் 2 மீட்டர் காணாமல் போயிருந்தது தெரிந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் போராடிய பகுதி இது. இங்கே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில் 2 மீட்டர் பிசகு சின்ன விஷயமே இல்லை.

பிரச்சினை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அந்தப் பெண் விடவில்லை. கிணற்றின் அடி 14 மீட்டர், அங்கேயும் தண்ணீர் இல்லை. அப்படியானால் மட்டம் அதற்கும் கீழேதானே, எப்படி ஒதுக்குவது என்று கேட்டாள். 14 போட்டுப் பார்த்தார்கள்: 10.8. உண்மை அதைவிடவும் ஆழம். கடைசியில் "வறண்டதா" என்று தனிப் பத்தி ஒன்று சேர்த்து, சராசரிக்கு முன்னால் "குறைந்தபட்சம்" என்று அச்சிடும்படி நிரலை மாற்றினாள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுக்கக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நாலு முறை அளக்கிறது. அந்த மாதிரிப் பெரிய அட்டவணையை நாளைக்குத் திறக்கும்போது, இந்தப் பிள்ளைகள் காலிக் கட்டத்தைக் கண்டால் நின்று கேட்பார்கள். கோடிங் ஏறாது என்று சொன்னவர்கள், வணக்கம் அச்சிடுவதையும் எண் வரிசை போடுவதையும் முதல் பாடமாக வைத்துவிட்டுச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜியாலஜிக்காரர்களுக்கு முதல் பாடம் கிணறாக இருக்கட்டும்.

மே மாதம் இதே ஐந்து கிணறுகளையும் மறுபடி அளக்கப் போகிறார்கள். அதற்குள் இன்னொன்று வறண்டால் அதன் அடி ஆழம் தெரிய வேண்டுமே, மற்ற நாலுக்கும் நாம் அதை எடுக்கவில்லையே என்று ஒருவன் கேட்டான். ஓசூர் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. குண்டு கட்டிய டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ரோஜாத் தோட்டத்துக்கு நடந்தார்கள்.