சாய்ந்த பலாவின் நாதம்

பண்ருட்டி என்றதும் யாவருக்கும் நாவில் ஊறுவது பலாச்சுளைதான். அந்தப் பலா மரம் தஞ்சாவூருக்குச் சென்றால் வீணையாகிறது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தஞ்சை வீணை செய்வோர் பண்ருட்டிப் பலாவையே விரும்பித் தேடுகின்றனர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணையின் இனிமையில் எங்கள் கடலூர் மாவட்டத்து மண்ணுக்கும் பங்குண்டு! இந்தப் பெருமிதத்தில்தான், பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் நாங்கள், பலாக்கட்டையில் ஒரு யுகுலேலே செய்யத் துணிந்தோம்.

யுகுலேலேவைக் கிதாரின் தங்கை எனலாம். அதற்கு நான்கே தந்திகள். 1879-இல் போர்த்துகல் நாட்டைச் சேர்ந்த மடெய்ரா தீவினர் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பலில் ஹவாய்த் தீவுகளுக்குப் பிழைக்கச் சென்றனர். அவர்களுள் மூன்று தச்சர்கள் தம் ஊர்ச் சிறு கருவியை அங்கும் செய்யத் தொடங்கினர். அதிலிருந்து பிறந்ததே யுகுலேலே. அதில் 'பாரிடோன்' என்பது பெரிய உடலும் தாழ்ந்த குரலும் கொண்ட வகை. கிதாரின் முதல் நான்கு தந்திகளின் சுருதியே அதற்கும். எனவே அதையே தேர்ந்தோம்.

மரத்திற்கு எங்கே போவது? எங்களுள் ஒருத்தியின் ஆயா பண்ருட்டிக்கு அருகில் வாழ்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது, மாவட்டமெங்கும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலம் அது. ஆயாவின் தோப்பும் தப்பவில்லை. தாம் மணமாகி வந்த ஆண்டில் நட்ட மரத்தின் கட்டையை மட்டும் அவர் விற்காமல் கொட்டகையில் காத்து வந்தார். நாங்கள் கேட்டதும், "செத்த மரத்தை எதுக்குக் கண்ணு குடையறீங்க? அது அப்படியே இருக்கட்டும்" என்றார். நாங்கள் மறுபேச்சின்றித் திரும்பினோம்.

பின்னர் ஒரு நாள், சிதம்பரத்தில் நடராசரைத் தரிசிக்க வந்த ஆயாவை, அங்கு வீணை பயிலும் உறவுக்கார அக்காவின் வீட்டிற்கு அழைத்துச் சென்றோம். அக்கா வாசித்து முடித்ததும், ஆயா வீணையின் குடத்தை மெல்லத் தடவினார். "இது பலா மரமாச்சே!" என்றார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்களுக்கு ஆள் அனுப்பினார். "எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா மொதல்ல எனக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்" என்பதே அவர் விதித்த நிபந்தனை.

கடலூரில் ஒரு தச்சர் தாத்தா எங்களுக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்தார். "பொம்பளைப் புள்ளைங்களுக்கு இது எதுக்கு?" என்று சிரித்தோரும் உண்டு. நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்த புனித சூசையப்பரை வேண்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம். ஏகாண்ட வீணையைப் போல ஒரே கட்டையில் குடமும் தண்டியும் அமைத்தோம். உள்ளங்கைகள் கொப்பளித்தன. மேற்பலகையை 3 மில்லிமீட்டர் கனத்திற்கு இழைத்தோம். தடித்தால் அது அதிராது. மிக மெலிந்தால் தந்தியின் இழுப்பைத் தாங்காது.

வீணைக்கு 24 மெட்டுகள். அவற்றை மெழுகின்மேல், காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். யுகுலேலேவிலோ கணக்குப் போட்டுத்தான் பதிக்க வேண்டும். எங்கள் தந்தியின் நீளம் 50 செ.மீ. ஒவ்வொரு மெட்டுக்கும் எஞ்சிய நீளத்தை 1.0595-ஆல் வகுத்தோம். முதல் மெட்டு 2.8 செ.மீ. தொலைவில் அமைந்தது, 12-ஆம் மெட்டு சரிபாதியில், 25 செ.மீ. தொலைவில் வந்து நின்றது. வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசை பித்தளைக் கம்பிகளாக எங்கள் கண்முன் நின்றபோது அடைந்த வியப்பை என்னென்பது!

தந்தி கட்டிய அன்றே ஆயாவிடம் கொண்டு சென்றோம். அவர் பாட்டு எதுவும் கேட்கவில்லை. மரத்தில் காதை வைத்துக்கொண்டு, ஒரு தந்தியை மீட்டச் சொன்னார். மறுபடியும் மீட்டச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கா" என்றார். மரத்தைப் பெண்ணாக்கிப் பேசியதைக் கேட்டு எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் எங்கள் பாடற்குழுவுடன் அக்கருவியும் ஒலித்தது. அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய மரக்கட்டை கிடக்கலாம். அதை விறகுக்குப் போடுமுன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதை நட்டவர் யாரென்றும் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.