பிஷப்புக்குப் பிடிக்காத மேகம்

மேகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற சம்சாரி யாரும் இருக்கமாட்டான். அறுப்பு நேரத்துல வேணா ரெண்டு வசவு விழும். மத்தபடி மானாவாரிக்காரனுக்கு மேகம்னா வரவு. அதனாலயோ என்னவோ, ஒரு பழைய இங்கிலாந்து ஓவியத்தோட கதை என் மனசுல ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது. அதை இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வரைஞ்சவர் பேரு ஜான் கான்ஸ்டபிள். 1776ல சஃபோக் பகுதியில, ஈஸ்ட் பெர்கோல்ட்ங்கிற கிராமத்துல பிறந்தவர். அப்பாவுக்குத் தானிய வியாபாரம். ஆத்தோரமா தண்ணியில ஓடுற மாவு மில்லும் இருந்தது, காத்துல ஓடுற மில்லும் இருந்தது. லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போறதுக்கு முந்தி பையனும் கொஞ்ச காலம் மில்லு வேலை பார்த்திருக்கார். காத்துல மில்லு ஓட்டுறவன் வானத்தைப் பார்க்காம இருக்க முடியாது. காத்து திரும்பினா இறக்கையையும் அந்தப் பக்கம் திருப்பணும். பெருங்காத்து வரும்னு தெரிஞ்சா, வர்றதுக்குள்ள ஓட்டத்தை அடக்கணும். அசந்தா மில்லே சேதாரம்.

இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரைக்கும் விடலை. 1821, 1822 ரெண்டு வருஷமும் லண்டன் பக்கத்துல ஹாம்ப்ஸ்டெட் மேட்டுல உக்காந்து வெறும் மேகமா வரைஞ்சு தள்ளியிருக்கார். பல படங்களுக்குப் பின்பக்கம் தேதி, நேரம், காத்து எந்தத் திசைன்னு குறிப்பும் இருக்கு. நம்ம பெரியவங்க மழைக் கணக்கை மனசுல வெச்சிருப்பாங்க, இவர் காகிதத்துல வெச்சிருந்தார், அவ்வளவுதான்.

அப்பதான் சாலிஸ்பரி பிஷப், ஜான் ஃபிஷர்ங்கிறவர், தன்னோட பேராலயத்தை வரைஞ்சு தரச் சொல்றார். 13ஆம் நூற்றாண்டுல கட்டின கோயில் அது. அதுமேல பின்னால எழுப்பின கூர்க்கோபுரம் 404 அடி, அதாவது 123 மீட்டர். இன்னைக்கும் பிரிட்டன்ல அதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் கிடையாது. 1823ல படம் முடியுது. ரெண்டு பக்கமும் மரங்கள் வளைஞ்சு பந்தல் போட்ட மாதிரி நிக்குது, நடுவுல கோபுரம். முன்னால மாடுங்க தண்ணி குடிக்குது. இடது ஓரத்துல பிஷப்பே சின்னதா நின்னு, மனைவிக்குக் கைத்தடியால கோபுரத்தைக் காட்டுறார். வானத்துல ஒரு கருமேகம்.

பிஷப்புக்கு எல்லாம் பிடிச்சது, அந்த மேகத்தைத் தவிர. வானம் இன்னும் வெளுப்பா இருந்தா நல்லதுன்னு சொல்லிட்டார்.

இந்த இடத்துலதான் நான் நின்னுட்டேன். அந்தப் புல்லு எப்படிப் பச்சையா இருக்கு? மாடு குடிக்கிற தண்ணி எங்கிருந்து வந்தது? மரம் எதனால அவ்வளவு தழைச்சு நிக்குது? எல்லாம் அந்தக் கருமேகம் குடுத்ததுதான். குடுத்ததையெல்லாம் வெச்சுக்கிட்டு, குடுத்தவனை மட்டும் எந்திரிச்சுப் போன்னு சொன்னா எப்படி?

ஆனா பிஷப்பையும் ரொம்பக் குத்தம் சொல்ல முடியாது. வீட்டுச் சுவத்துல மாட்டுற படம், பார்த்தா மனசு தெளியணும்னு நினைச்சிருப்பார். கான்ஸ்டபிளும் பிள்ளைகுட்டிக்காரர், காசு குடுக்கிறவங்க பேச்சைத் தட்ட முடியலை. கோபுரத்தை மறிக்கிற கிளைகளை விலக்கி, வானத்தை வெளுப்பாக்கி, இன்னொரு படம் போட்டார். அது 1826ல முடியறப்ப பிஷப் இல்ல, முந்தின வருஷமே இறந்துட்டார். கருமேகப் படம் இப்ப லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. தெளிஞ்ச வானம் நியூயார்க்ல ஃப்ரிக் கலைக்கூடத்துல.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கமாட்டேன்.

1828 நவம்பர்ல அவரோட மனைவி மரியா காசநோயில போய்ச் சேர்ந்துட்டாங்க. ஏழு பிள்ளைங்க. மூணு மாசம் கழிச்சு, 1829ல, ராயல் அகாடமியில முழு உறுப்பினர் பதவி கிடைக்குது. வருஷக்கணக்கா காத்திருந்த பதவி, சந்தோஷப்பட வேண்டிய ஆளு வீட்டுல இல்ல. அந்தக் காலத்துல தாங்கிப் பிடிச்ச சிநேகிதர், பிஷப்போட அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அவர் பேரும் ஜான் ஃபிஷர்தான். அவர்தான் சாலிஸ்பரி கோயிலை மறுபடியும் வரையச் சொல்லித் தூண்டினவர்.

1831ல அந்தப் படம் வந்தது. இந்தத் தடவை பிஷப் தோட்டத்துல நின்னு பார்க்கலை. ஆத்துக்கு இந்தப் பக்கம், புல்வெளியில நின்னு பார்க்கிறார். வேண்டாம்னு சொன்ன மேகம் மொத்தமாத் திரும்பி வந்துடுச்சு, முன்னைவிடக் கருப்பா, கோபுரத்தையே முழுங்குற மாதிரி. அதுக்கு நடுவுல வில்லு மாதிரி ஒரு வானவில். அந்த வானவில் இறங்குற இடத்துலதான் சிநேகிதரோட வீடு இருந்தது.

எனக்குப் பிடிச்சது வானவில் இல்ல. கீழே ஒரு வண்டிக்காரன் குதிரைகளோட ஆத்துத் தண்ணியில இறங்கிப் போறான். தலைக்கு மேல இவ்வளவு நடக்குது, அவன் நிக்கலை. இருட்டுறதுக்குள்ள வண்டி கரை ஏறணும், குதிரைக்குத் தீனி போடணும். முன்னால ஒரு நாய் நின்னு வேடிக்கை பார்க்குது. நாய்க்கு நேரம் இருக்கு, அவனுக்கு இல்ல.

அந்தப் படத்தை அவர் உசிரோட இருந்தவரைக்கும் யாரும் வாங்கலை. தன்கிட்டயே வெச்சுக்கிட்டு அப்பப்ப தொட்டுத் திருத்திக்கிட்டே இருந்தார். 1837ல இறந்தார். 2013ல டேட் கலைக்கூடம் அதை 2.31 கோடி பவுண்டு குடுத்து வாங்குச்சு.

விலையை விடுங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வெளுத்த வானத்துப் படம் அழகா இருக்கு, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுல மழை வராது. கருமேகப் படத்துல இடியும் இருக்கு, அடுத்த வருஷத்துப் புல்லும் இருக்கு. எனக்கு அதுதான் வேணும்.