வளைந்த பலகையும் எங்கள் 85,000 ரூபாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் படிப்பிக்கும்போது, தம்பி கற்பிட்டிக் கடலில் நிற்கிற படமொன்றைப் போனில் காட்டினோம். மேலே பெரிய பட்டம், கீழே தம்பி, அவனுடைய காலில் ஒரு பலகை. வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தோம். பின்வரிசைப் பொடியன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், பலகை வளைஞ்செல்லோ கிடக்கு. வெயிலில வச்சிட்டாரோ?"

வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை மூன்று வருசத்துக்கு முதல் நாங்களும் கேட்டோம். தெரிந்த ஒருவரிடமும் விசாரிக்காமல் நாங்களே பதிலும் சொன்னோம். அந்தப் பதிலுக்கு 85,000 ரூபா போனது.

நாங்கள் என்றால் வாப்பா, உம்மா, இதை எழுதுகிற ஆசிரியர், அவருடைய மனைவி. எழுதுகிறவர் ஒருவர்தான், ஆனால் பிழை எல்லோருடையதும். அதனால்தான் 'நாங்கள்'.

எங்கள் கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத்தெருவை விட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்னார்கள். வாப்பா டெயிலர். தையல் மெசின் கடையிலேயே நின்றுவிட்டது. உம்மாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. வவுனியா போய், புத்தளம் போய், கடைசியில் கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில். தம்பி பிறந்தது அங்கேதான், 1993இல். 2011இல் நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். எங்களில் ஒருவர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து இங்கேயே படிப்பிக்கத் தொடங்கினார். வாப்பா வீட்டு முன்விறாந்தையில் ஒரு பழைய மெசினைப் போட்டுக்கொண்டார்.

தம்பி வரவில்லை. "எனக்கு ஊர் இதுதான்" என்றான்.

அப்போது கண்டக்குளிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கைற்சேர்ஃபிங்குக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வைகாசியிலிருந்து ஐப்பசி வரை அங்கே சோளகம் விடாமல் அடிக்கும். மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை வாடைக்காற்று இன்னொரு பருவம். தம்பி முதலில் பட்டத்துக்குக் காற்றடிக்கிற வேலைக்குப் போனான். பிறகு பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. பிறகு தானே பழகி, சான்றிதழும் எடுத்துப் பயிற்றுநர் ஆனான். உம்மா மட்டும் கேட்பவர்களிடம் "கடலில ஒரு வேலை" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அவனுக்குக் கலியாணம் பேசியபோது பொம்பிளை வீட்டார் கேட்டார்கள்: "மாப்பிள்ளைக்குச் சொந்தமா என்ன இருக்கு?" பட்டமும் பலகையும் எல்லாம் வேலை செய்கிற இடத்துச் சாமான்கள். அந்தக் கேள்வி எங்களைக் குத்தியது. சொந்தமாக ஒரு பலகையாவது வாங்கிக் கொடுப்போம், சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று தீர்மானித்தோம். உம்மாவின் சீட்டுக் காசு கையில் இருந்தது.

பாவித்த பலகைகள் விற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவரிடம் இரண்டு இருந்தன. நிலத்தில் வைத்துப் பார்த்தோம், மரக்காலையில் பலகை பார்க்கிறதுபோல. ஒன்று நடுவில் மட்டும் நிலத்தைத் தொட்டு, இரண்டு முனையும் மேலே தூக்கி, தொட்டால் தொட்டில்போல ஆடியது. மற்றது கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வளைந்தது பழுது, மட்டமானது நல்லது. பெரிதாகவும் இருந்தது, 142 சென்ரிமீற்றர். 85,000 கொடுத்து, சீலையால் சுற்றி, பஸ்ஸில் புத்தளம் போய், அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் கற்பிட்டி.

தம்பி பிரித்துப் பார்த்தான். கையால் தடவினான். "நல்லம் காக்கா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அழைப்பு. முழங்கால் வீங்கிவிட்டது, இரண்டு கிழமைக்குத் தண்ணீரில் இறங்க ஏலாது. வகுப்பு எடுக்காவிட்டால் சம்பளமும் இல்லை. உம்மா போனை வாங்கினார்: "போதும் வாப்பா. விட்டுட்டு வா. காக்கா இங்க ஒரு வேலை பார்த்துத் தருவார். வீட்டில உனக்கொரு அறை கட்டலாம்." நாங்களும் பின்னால் நின்று, ஓம், வா, வா என்றோம்.

அவன் சத்தம் போடவில்லை. "என்னைக் கேக்காமப் பலகை வாங்கினீங்க. இப்ப என்னைக் கேக்காம எனக்கு ஊரும் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோடு கற்பிட்டி போனோம். சண்டை பிடிக்கவோ சமாதானம் பேசவோ யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவனே கூப்பிட்டான். மணலில் மூன்று பலகைகளை வரிசையாக வைத்திருந்தான்.

"காக்கா, நீங்க வளைவெண்டு சொன்னதுக்குப் பேர் ரொக்கர். அது பழுதில்லை, அப்பிடித்தான் செய்றது. எவ்வளவு வளைவு எண்டதுதான் கேள்வி."

அவன் சொன்னதை எங்களுக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறோம். மட்டமான பலகை தண்ணீரின் மேல் சீக்கிரம் எழும்பும். குறைந்த காற்றிலும் ஓடும், வேகம் வரும், காற்று வருகிற பக்கமாக ஏறிப் போக லேசு. ஆனால் அலை குதிக்கிற தண்ணீரில் தடதடவென்று அடிக்கும். பாய்ந்து விழுந்தால் முழு அடிப்பாகமும் ஒரேயடியாகத் தண்ணீரில் மோதும். அந்த அடியை வாங்குவது முழங்கால். வளைவு கூடிய பலகை கொஞ்சம் சோம்பேறி. அதை இழுக்கக் காற்றுப் பலம் கூட வேண்டும், காற்றுக்கு எதிராக ஏறவும் கஷ்டப்படும். ஆனால் அலைக்குள் மூக்கைக் குத்தாது. விழும்போது நடுப்பகுதி முதலில் தொட்டுப் பிறகு மற்றப் பகுதிகள் தொடுவதால் அடி மெதுவாக இறங்கும்.

வளைவிலும் இரண்டு வகை. ஒன்று முனையிலிருந்து முனைவரை ஒரே சீரான வில். அது வழுவழுவென்று ஓடும், திருப்பங்களும் இதமாக வரும். மற்றது நடுவில் மட்டமாக வந்து, இரண்டு பக்கமும் முறிவு விழுந்து மேலே போவது. பலகையின் வாலை அழுத்தினால் வெடுக்கென்று மேலே எறியும். வித்தை காட்டுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்களாம்.

"அப்ப உனக்கு எது?" என்று கேட்டோம். மூன்று வருசத்தில் முதல் தடவையாக.

மணல்திட்டைக் காட்டினான். திட்டுக்கு இந்தப் பக்கம் களப்பு, கண்ணாடிபோலத் தண்ணீர். அந்தப் பக்கம் திறந்த கடல். "பகல் முழுக்க இந்தப் பக்கம் படிப்பிக்கிறன். அஞ்சு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போவன். அது என்ர நேரம். அங்க பாயத்தான் போறன். நீங்க தந்தது இந்தப் பக்கத்துக்கான பலகை."

வகுப்பெடுக்கிற தம்பியை மட்டும்தான் நாங்கள் கண்டிருந்தோம். ஐந்து மணிக்குப் பிறகு இருக்கிற தம்பியை எங்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கனடாக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எங்களோடு படித்த நண்பர் ஒருவர் இப்போது ஒன்ராறியோவில். அவருடைய மகனுக்குப் பதின்மூன்று வயது, பனிச்சறுக்குப் பலகை பழகுகிறான். ஒருநாள் கதைக்கும்போது சொன்னார்: "பெடியன் வீடியோவில பார்த்த பலகையைத்தான் கேட்டான், வாங்கிக் குடுத்தன். இப்ப ஐஸில பிடிப்பில்லாமல் வழுக்குறான்." எங்களுக்கு அப்போதுதான் தம்பியின் பாடம் முடிந்திருந்தது. போனை அவனிடம் கொடுத்தோம்.

பனியை நேரில் கண்டிராத தம்பி அன்று பனிச்சறுக்குப் பாடம் எடுத்தான். அவனிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் குளிர்காலத்தில் பனிமலையில் நிற்கிறவர்கள். கேட்டுக் கேட்டே அவனுக்கு அது பாடம்.

பனிப் பலகையில் பழைய வடிவம் 'கேம்பர்'. எங்கள் பலகைக்கு நேர் எதிர். நிலத்தில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும். தொடுவது இரண்டு முனைக்குக் கிட்ட மட்டும். ஆள் ஏறி நின்றால் அந்த வில் அழுந்தி மட்டமாகும், பாரம் ஓரம் முழுக்கப் பரவும். அதனால் இறுகிய பனியில் ஓரம் கத்திபோலப் பிடிக்கும், காலை எடுத்தால் வில்லுப்போலத் திருப்பித் தள்ளும். ஆனால் பிழையான நேரத்தில் ஓரம் மாட்டினால் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். ரொக்கர் அப்படியல்ல. முனைகள் மேலே நிற்பதால் லேசாகத் திரும்பும், புதுப்பனியில் மூக்கு அமிழாமல் மிதக்கும், ஓரம் மாட்டுவதும் குறைவு. இறுகிய பனியில்தான் பிடிப்புப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மட்டமானது இருக்கிறது. இரண்டையும் கலந்ததும் இருக்கிறது: கால் நிற்கிற இடத்தில் கேம்பர், முனைகளில் ரொக்கர்.

தம்பி நண்பரிடம் விலையைப் பற்றியோ கம்பனியைப் பற்றியோ கேட்கவில்லை. "அண்ணை, மகன் சறுக்கிற இடத்தில பனி எப்பிடி? அவருக்கு என்ன செய்ய ஆசை? விழேக்க எந்தப் பக்கம் விழுறார்?" என்று மூன்றைத்தான் கேட்டான். ஒன்ராறியோ மலைகளில் பெரும்பாலும் இயந்திரத்தால் அமத்தின இறுகிய பனி. வீடியோவில் அந்தப் பையன் பார்த்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாதிரி மலைகளில் இடுப்பளவு புதுப்பனி. அதே பையன், அதே கால். ஆனால் இங்கே கேம்பர் கலந்த பலகை, அங்கே ரொக்கர். பலகையில் குறையில்லை, இன்னொருவருடைய மலைக்கு வாங்கிய பலகை அது.

ஊர் திரும்பி வாப்பாவிடம் எல்லாம் சொன்னோம். மெசினில் இருந்து தலை தூக்காமலே கேட்டார்: "அளவெடுக்காமலா துணி வெட்டினீங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "நானும் உங்களோட சேர்ந்துதான் வெட்டினனான்" என்றார்.

கலாசாலையில் முதல் மாதமே எங்களுக்குச் சொல்லித் தந்த விசயம், பாடத்துக்கு முதல் பிள்ளையை அறி என்பது. சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்தோம். பிறகு சாதாரணதரம் முடிந்த எத்தனை பிள்ளைகளிடம் ஆசையைக் கேட்காமல் "உனக்குக் கணிதப் பிரிவுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்? அதில் ஒரு பிள்ளை இடையில் நின்றதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் முகம் அன்று மணலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது.

இனி மிச்சக் கதை. தம்பி அடுத்த பருவத்தில் தன் காசில் தன் பலகையை வாங்கினான். 136 சென்ரிமீற்றர், நடுத்தர வளைவு, ஒரே சீரான வில். நாங்கள் பழுதென்று விட்டுவந்த பலகையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது. உம்மாவின் 85,000 வீண் போகவில்லை. பெரிய, மட்டமான பலகைதான் பழகுகிறவர்களுக்கு நல்லது, சீக்கிரம் எழும்பி நிற்கலாம். அவனுடைய மாணவர்கள் இப்போது அதில்தான் பழகுகிறார்கள். பொம்பிளை வீட்டாரும் ஒருநாள் கடற்கரைக்கு வந்து, அவன் படிப்பிக்கிறதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கலியாணம் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அவன் யாழ்ப்பாணம் வருவானா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. உம்மாவுக்கு அது லேசான விசயமில்லை. இந்த மண்ணை இழந்து திரும்பிப் பெற்றவர் அவர். பிள்ளை அது வேண்டாம் என்று சொல்வது அவருக்கு இரண்டாம் தடவை இழப்பதுபோல. ஆனாலும் போன் எடுத்தால் முதலில் கேட்பது, "மகன், இண்டைக்குக் காத்து எப்பிடி?" அறை கட்டத்தான் கட்டினோம். பெருநாளைக்கு மனைவியோடு வந்து நான்கு நாள் நிற்கிறான்.

தரம் 8 பொடியனுக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறோம். "வெயிலில வைக்கேல்லை தம்பி. அவர் கடலுக்குப் போறவர், அதுக்கேத்த வளைவு." அவன் யோசித்துவிட்டு, "அப்ப களப்புக்குப் போறவர் வேற வாங்கோணும்" என்றான். எங்களுக்கு 85,000 ரூபாவும் ஒரு முழங்காலும் போன பிறகு வந்த விளக்கம், அவனுக்கு ஒரு நிமிசத்தில் வந்தது.

பிள்ளைக்கோ தம்பிக்கோ ஏதாவது வாங்க நினைத்திருந்தால், சொல்லாமல் கொடுக்கிற ஆசையை ஒருநாள் தள்ளிவைத்து, முதலில் கேட்டுவிடுங்கள். அல்லாஹ் எங்கள் தம்பியின் முழங்காலைப் பாதுகாக்கட்டும். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.