தெரியாததைத் தொடாதே

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் பாதிப் பேர் அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்கள். நான் பாதி வழியில் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கிவிடுகிற ரகம். அக்கா வீடு அங்கேதான்.

போன தடவை போனபோது அக்கா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். (வேர்க்கடலை என்று சொன்னால் அந்தப் பக்கம் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்!) அக்கா மகள் உள்ளே பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா பி.காம். தானே, அவரைக் கேளேன்" என்று அக்கா குரல் கொடுக்க, மாட்டிக்கொண்டேன்.

நிகழ்தகவுக் கணக்கு. ஒரு பையில் 4 சிவப்புப் பந்து, 6 நீலப் பந்து. பார்க்காமல் இரண்டு பந்து எடுத்தால், குறைந்தது ஒன்றாவது சிவப்பாக இருக்க வாய்ப்பு என்ன?

"இதென்ன பெரிய விஷயம்? ஒரு பந்துக்கு 10-ல் 4. ரெண்டு பந்துக்கு 10-ல் 8" என்றேன் தெம்பாக.

"அப்ப மூணு பந்து எடுத்தா 10-ல 12 வருமா மாமா?"

கப்சிப்! எந்த நிகழ்தகவும் ஒன்றைத் தாண்டாது என்பது எனக்கே தெரியும்.

"கேட்டதை விட்டுட்டு, கேக்காததைப் போடணும் மாமா. ரெண்டுமே நீலமா வர்றதுக்கு எவ்ளோ? முதல் பந்து 10-ல 6. அது போனா, மிச்சம் 9-ல 5. பெருக்கினா மூணுல ஒண்ணு. அதைத் தவிர மத்த எல்லாத்துலயும் ஒரு சிவப்பாச்சும் இருந்தே தீரும். அப்ப விடை மூணுல ரெண்டு."

இந்த 'குறைந்தது ஒன்று' சமாசாரம் ரொம்பப் பழசு. பகடையை நாலு தரம் உருட்டினால் ஒரு ஆறாவது விழுமா என்று பந்தயம் கட்டினால், கட்டுகிறவனுக்குக் கொஞ்சூண்டு சாதகம். 1,296-ல் 671. 1654-ல் பிரான்ஸில் ஒரு சூதாட்டப் பிரியர் கேட்ட இந்த மாதிரிக் கேள்விகளில் இருந்துதான் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டு, இந்தக் கணக்குக்கே பிள்ளையார் சுழி போட்டார்கள்.

அவள் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் பந்தும் இல்லை, பகடையும் இல்லை. பற்று வரவு மாதிரி இரண்டு பத்தி. "இது என்னம்மா?"

"அது சும்மா மாமா" என்று நோட்டை வாங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

2024-ல் ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலைத் தேர்வு எழுதினாள். (இப்போது அந்த வேலைக்கு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர் மாற்றியாகிவிட்டது.) 100 கேள்வி, ஒரு மணி நேரம். கேள்விக்கு ஐந்து விடைகள். சரியென்றால் 1 மார்க், தப்பென்றால் கால் மார்க் கழிப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி எனக்குப் போன் செய்து, "சந்தேகமா இருந்தா என்ன மாமா பண்றது?" என்று கேட்டாள்.

"தெரியாததைத் தொடாதே" என்றேன். காமர்ஸ் புத்தி. வரப்போகும் நஷ்டத்தை இப்போதே எழுது, வராத லாபத்தை எழுதாதே என்று கல்லூரியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனிக் கணக்குக்கு அது சரி.

முக்கால் மார்க்கில் போயிற்று.

நோட்டில் இருந்தது அதன் பிரேதப் பரிசோதனை. ஐந்து விடையில் எதுவுமே தெரியாமல் ஐந்து கேள்வியைத் தொட்டால், சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு. வரவு 1, பற்று நாலு கால், அதாவது 1. மீதி பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால், அவள் என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டு வந்த எட்டுக் கேள்விகளில், மூன்று விடைகள் தப்பு என்று அவளுக்குத் தெரியும். மிச்சம் இரண்டில்தான் குழப்பம். எட்டையும் தொட்டிருந்தால் சராசரியாக நாலு சரி, நாலு தப்பு. வரவு 4, பற்று 1. மீதி 3 மார்க். வேண்டியிருந்தது முக்கால்!

அதோடு விடவில்லை. எட்டில் மூன்று சரியானாலே கட்‌ஆஃப் தாண்டியிருக்கும். மூன்று கூடச் சரியாகாமல் போக எத்தனை வழி? ஒன்றுமே சரியில்லை - 1. ஒன்று மட்டும் சரி - 8. இரண்டு - 28. ஆக 37. மொத்தம் 256 வழிகள். மீதி 219-லும் அவள் பாஸ். அதே பந்துக் கணக்குதான். கேட்காததைப் போட்டுக் கழித்திருந்தாள். 219-ஐச் சுற்றி ஒரு வட்டம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொல்லி என்ன மாமா... அந்த 37-ல கூட விழுந்திருக்கலாம்ல?" என்றாள்.

முதல்நிலை தாண்டினால் மெயின் தேர்வு வேறு இருக்கிறது, அதில் என்ன ஆகியிருக்குமோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 219 போகவில்லை.

"அடுத்த பரீட்சையில என்ன பண்ணப் போற?"

"ரெண்டா சுருங்கினா தொடுவேன். அஞ்சும் அப்படியே நின்னா தொட மாட்டேன், நேரம்தான் வேஸ்ட்."

திண்ணையிலிருந்து அக்கா முறத்தோடு உள்ளே வந்தார். "எதுக்கும் பரீட்சைக்கு முந்தின நாள் மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கடி" என்றார்.