இரவுத் தங்கலும் மறுநாள் விடியலும்

தை 3, ஸ்ரீரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த ஸ்ரீரங்கத்திலிருந்து கிழக்கே நாகப்பட்டினக் கடற்கரை ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் இருப்பதால், இவ்வூரிலிருந்து கடற்கரைச் சாலைப் பயணம் புறப்படும் குடும்பத்துக்கு முதல் நாளின் பெரும்பகுதி வயல்வெளிகளிலேயே கழிந்துவிடுகிறது. கடல் கண்ணில் படும் வேளையிலேயே, இரவு எங்கே தங்குவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. உத்தர வீதியில் வாழும் ஒரு குடும்பம் அக்கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடியதன் பதிவே இக்குறிப்பேடு. எழுபதைக் கடந்த தாத்தாவும் பாட்டியும், மகனும் மருமகளும், இன்னும் பள்ளியில் சேராத ஒரு குழந்தையும் ஒரே காரில் செல்கின்றனர். கோடியக்கரையில் தொடங்கி இராமேசுவரம், திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை செல்வது என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் வானிலையையும் பஞ்சாங்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரிலும், வேதாரண்யம் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்றும் வந்தவை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நடக்கையில் ஸ்ரீரங்கத்துக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. தை அமாவாசைக்கு இராமேசுவரத்திலும், தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையினர் திரளும் திருச்செந்தூரிலும் அறை கிடைப்பது அரிது. மகா சிவராத்திரியை ஒட்டி இராமேசுவரம் மீண்டும் நிரம்பிவிடும். ஆகவே தைப்பூசத்துக்கும் சிவராத்திரித் திருவிழாவுக்கும் இடைப்பட்ட வாரநாள்களே எஞ்சுகின்றன.

தை 5

கால்நடையாகப் பயணம் செய்த காலத்தில் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் பெரும்பாலும் இருந்ததில்லை. பொழுது சாயும் இடத்தில் சத்திரம் இருக்குமாறு பார்த்துக்கொள்வது அரசின் கடமையாகவும் அறமாகவும் கருதப்பட்டது. சத்திரம் என்பது வழிப்போக்கருக்கு உறைவிடமும் உணவும் விலையின்றி அளிக்கும் அறநிலையம். திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நாயக்க அரசி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சாவடிகளோடும் சேர்ந்தே இன்றும் நினைக்கப்படுகிறது. தஞ்சை மராத்திய மன்னர்களும் இராமேசுவர யாத்திரை வழியில் பல சத்திரங்களை ஏற்படுத்தினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது.

சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது அரசவையில் அமர்த்தப்பட்ட கும்பினிப் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதம் ஒரு தங்குமிடம் என்னென்ன அளிக்க வேண்டும் என்பதற்கான வரையறையாகவே அமைந்திருக்கிறது. சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மற்றப் பண்டங்களும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்கள் அழைக்கப்பட்டனர். நோய்க்கும் நஞ்சுக்கும் மருத்துவர்கள் இருந்தனர். கைக்குழந்தைகளுக்குப் பாலும், வழியில் பேறுற்ற பெண்களுக்குப் பராமரிப்பும் கிடைத்தன. முதியவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பம் இன்று ஒரு விடுதியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியவையும் இவையேதாம்: இரவு எத்தனை மணி வரை உணவு கிடைக்கும், அருகில் மருத்துவமனை எவ்வளவு தொலைவு, காலையில் பால் காய்ச்ச இயலுமா.

தை 8

திருச்சிராப்பள்ளியிலிருந்து கடலை நோக்கிச் சென்ற பயணங்களில் இரவுத் தங்கலே அரசியல் போராட்டமாக மாறிய பயணம் 1930-இன் வேதாரண்ய உப்புச் சத்தியாகிரக யாத்திரை. ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டையொட்டி, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரான மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனின் கண்டோன்மெண்ட் இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள், தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 240 கி.மீ. நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தனர். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் தடையை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார். சராசரியாக ஒரு நாளைக்கு 16 கி.மீ. என்னும் இந்த நடை, பத்து மைல் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் பழைய ‘காதம்’ என்ற வழியளவோடு ஒத்துப்போகிறது.

யாத்திரையைத் தடியடியால் நிறுத்துவதைவிடப் பட்டினியாலும் உறைவிடமின்மையாலும் கலைப்பதே எளிது என்று கணித்த தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று அறிவித்தார். கும்பகோணத்தில் அவர்களைத் தம் வீட்டில் வரவேற்று விருந்தளித்த பந்துலு ஐயர் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. வெளிப்படையாக உதவ அஞ்சிய ஊர்களில் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாடுகளையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்.

இல்லறத்தாரின் உல்லாசப் பயணத்தை அந்த யாத்திரையோடு ஒப்பிடுவது பொருந்தாது எனினும், தங்கல் திட்டத்துக்கு அதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு: தங்குமிடம் என்பது தொலைவைப் பொறுத்தது மட்டுமன்று, அங்கே கதவைத் திறப்பவரையும் பொறுத்தது, எனவே ஒவ்வொரு தங்கலுக்கும் அருகிலேயே ஒரு மாற்று இடம் குறித்து வைக்கப்பட வேண்டும்.

தை 11

வரைபடத்தை விரித்து இரவுகளைக் குறிப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவதைத் தூரக் கணக்கு எனலாம்: மொத்தத் தொலைவை நாள்களால் வகுத்து, ஒரு பகலின் ஓட்டம் முடியும் ஊரில் அறை எடுப்பது. இம்முறையில் முதல் இரவு வேளாங்கண்ணியிலும், இரண்டாவது தொண்டியை ஒட்டியும், மூன்றாவது தூத்துக்குடியிலும் விழுகின்றன. இரண்டாவதை விடியல் கணக்கு எனலாம்: எந்தெந்த ஊரில் அதிகாலையில் இருந்தாக வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த ஊருக்கு முந்தைய நாள் பொழுது சாய்வதற்குள் சென்று சேர்வது. தமிழ்நாட்டுக் கடற்கரையின் சிறப்புகளில் பெரும்பாலானவை காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகின்றன: மேயும் மான், கடல் நீராட்டு, முதல் தரிசனம், மீன் ஏலம், சூரியோதயம். பத்து மணிக்குமேல் வெயில் ஏறிவிடுகிறது. நண்பகலில் கோயில் நடை சாத்தப்படுகிறது. இரவுத் தங்கல் கடந்த பகலுக்கு முடிவு அன்று, வரும் காலைக்குத் தொடக்கம் என்று கொண்டால், வரைபடத்தில் இடப்படும் புள்ளிகள் முற்றிலும் இடம் மாறுகின்றன.

முதல் இரவை எடுத்துக்கொள்வோம். விடுதிகளின் எண்ணிக்கையிலும் வசதியிலும் வேளாங்கண்ணியை மிஞ்சும் ஊர் அச்சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஆனால் மறுநாள் காலைக்கு உரிய இடம் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற அந்நிலத்தில், வெளிமான்கள் புல்வெளியில் மேய்வது காலையிலும் மாலையிலுமே; பூநாரைகள் உள்ளிட்ட வலசைப் பறவைகளும் சாய்ந்த வெயிலில்தான் தெளிவாகத் தெரிகின்றன, நண்பகலில் சேற்றுவெளியின் மேல் எழும் கானல் அனைத்தையும் கலக்கிவிடுகிறது. எனவே வனத்துறையின் ஓய்வு இல்லத்தில் இடம் கேட்பது, கிடைக்காவிடில் சுமார் 10 கி.மீ. முன்னதாக உள்ள வேதாரண்யத்தில் எளிய விடுதி ஒன்றில் தங்குவது, அதுவும் இயலாவிடில் மட்டும் வேளாங்கண்ணிக்குத் திரும்புவது என்று வரிசை முடிவாகியது.

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் செல்லும் இந்நாளைக்குத் தைமாதம் ஒரு தனி நிபந்தனையையும் விதிக்கிறது. சம்பா அறுவடைக் காலமாதலால், நெல்லை உலர்த்தவும் வைக்கோலைப் பரப்பவும் கிராமச் சாலைகளின் ஒரு பக்கம் களமாகிவிடுகிறது. அறுவடை இயந்திரங்களும் விளக்கில்லாத டிராக்டர்களும் இரவிலும் ஓடுகின்றன. ஆகையால் இருட்டுவதற்கு முன் சக்கரங்கள் நின்றுவிட வேண்டும் என்பது விதியாக எழுதப்பட்டது. நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள பகுதி என்பதால் குடிநீர்க் கேன் ஸ்ரீரங்கத்திலிருந்தே ஏற்றப்படுகிறது.

தை 13

வேதாரண்யத்திலிருந்து இராமேசுவரம் வரை 200 கி.மீ.க்கும் கூடுதலான கிழக்குக் கடற்கரைச் சாலை, பாக் நீரிணையின் கரையோரமாக மீனவ ஊர்களையும் தென்னந்தோப்புகளையும் உப்பளங்களையும் கடந்து செல்கிறது. மதுரைச் சாலையில் பழகிய வேகத்தை இங்கே எதிர்பார்க்க இயலாது. மணிக்கு 50 கி.மீ. என்று கொண்டால்தான் கணக்கு பொய்க்காது. வழியில் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு, அதாவது உவர்நீரில் வேர்விட்டு அலையின் வேகத்தைத் தணிக்கும் மரக்காடு, படகில் சென்று பார்க்க அரைநாள் கேட்பதால் இப்பயணத்திலிருந்து நீக்கப்பட்டது. மல்லிப்பட்டினத்துக்கு அருகே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்கு மனோராக் கோபுரம் கட்டுச்சோற்றுக்கு உரிய இடம். அதையொட்டிய கடற்பகுதி 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேயும் அவ்விலங்கைக் கரையிலிருந்து காண்பது அரிது என்பதைக் குழந்தைக்கு முன்னதாகவே சொல்லிவிடுவது நலம்.

தொண்டியை ஒட்டி எந்த விடியலும் காத்திருக்காததால் அங்கே தங்குவது கைவிடப்பட்டு, இராமேசுவரத்தில் இரண்டு இரவுகள் ஒதுக்கப்பட்டன. அதற்கு அவ்வூரின் நேர ஒழுங்கே காரணம். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணியளவில்; அக்னி தீர்த்தம் எனப்படும் கடல்துறையில் நீராடி, கோயிலுக்குள் உள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களில் நனைந்து, ஈர உடையை மாற்றிக்கொண்டு, பிறகே மூலவரை வழிபட வேண்டும். ஆகவே ஒரே காலைப்பொழுதில் அறைக்கும் கோயிலுக்கும் இருமுறை நடக்க நேரும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்குக் கடற்காட்சியுள்ள தொலைதூர விடுதியைவிடச் சன்னதித் தெருவை ஒட்டிய சாதாரண அறையே உகந்தது. தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை திறக்கப்பட்டது முதல் சொந்த வண்டியிலேயே செல்ல முடிகிறது எனினும், மாலையில் அனைவரும் திருப்பி அனுப்பப்படுவதால், பாம்பன் பாலத்தைக் கடந்து பிற்பகலில் வந்து சேரும் முதல் நாளில் அதை அடைக்க முயல்வது வீண் அவசரம். நீராட்டு முடிந்து பகலில் ஓய்வெடுத்த பின், இரண்டாம் நாள் மூன்று மணிக்கு அது வைக்கப்பட்டிருக்கிறது.

தை 15

அறை பதிவு செய்யும்போது வாடகைக்கு முன் கேட்க வேண்டியது, அறையைக் காலி செய்யும் நேரம். சில விடுதிகளில் நண்பகல் 12 மணி முறை; எப்போது வந்தாலும் மறுநாள் நண்பகலில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். வேறு சிலவற்றில் 24 மணி நேர முறை. மாலை நான்கு மணிக்கு நுழைந்தவர் மறுநாள் மாலை நான்கு மணி வரை இருக்கலாம். அதிகாலையில் வெளியே சென்று, திரும்பி வந்து குளித்துக் குழந்தையை உறங்க வைக்க வேண்டிய குடும்பத்துக்கு இரண்டாவது முறை ஒரு பகலையே மிச்சப்படுத்துகிறது.

அடுத்து, தாத்தா வலியுறுத்திய மூன்று நிபந்தனைகள்: தரைத்தளம் அல்லது மின்தூக்கி, மேற்கத்தியக் கழிப்பறை, வளாகத்துக்குள்ளேயே வண்டி நிறுத்துமிடம். மருமகள் சேர்த்தது ஒன்று: காலை ஆறு மணிக்கு இட்லி கிடைக்கும் உணவகம் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். தேவஸ்தான அறைகளும், இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் உள்ள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஓட்டல் தமிழ்நாடு’ விடுதிகளும், தனியார் லாட்ஜுகளும் இந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டன. முன்பணம் கட்டிய இடங்களுக்கும் புறப்படுவதற்கு முந்தைய நாள் மறுபடி அழைத்து உறுதி செய்வது மகனின் பொறுப்பாயிற்று.

தை 17

தெற்குப் பகுதியின் தங்கல்கள் எளிதில் அமைந்துவிட்டன. இராமேசுவரத்திலிருந்து காலையிலேயே கிளம்பினால், ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பம் தவறவிட விரும்பாத திவ்விய தேசமாகிய திருப்புல்லாணியை நடை சாத்துவதற்கு முன் அடையலாம். ஆழ்வார்களால் பாடப்பெற்ற திருமால் தலங்களே திவ்விய தேசங்கள் எனப்படுகின்றன. பின்னர் சேதுக்கரை, கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். மூன்றாம் ஊராகத் தூத்துக்குடியைக் காட்டிய தூரக் கணக்கு, மேலும் 40 கி.மீ. ஓட்டிச் சென்றால் கடற்கரைக் கோயிலின் அதிகாலை வழிபாட்டுக்கு நடந்தே செல்லலாம் என்பதைக் காட்டவில்லை. அங்கிருந்து கன்னியாகுமரிக்கு அரைநாள் போதும். சூரியோதயத்துக்கும், காலை எட்டு மணிக்குத் தொடங்கும் விவேகானந்தர் பாறைப் படகுக்கும் வரிசையில் நிற்க அங்கே ஓர் இரவு தேவை.

கடைசியாக எழுந்த விவாதம் திரும்பும் வழியைப் பற்றியது. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை வழியாக நான்குவழிச் சாலையில் வந்தால் ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் ஸ்ரீரங்கம் வந்துவிடலாம். இடையில் மதுரையில் தங்கலாம் என்பது பாட்டியின் விருப்பம். மறுநாள் காலையில் அங்கே எந்தக் கடமையும் இல்லை என்பது மகனின் மறுப்பு. விடியலை வைத்தே இரவுகளைத் தேர்ந்தெடுத்த திட்டத்தில், விடியல் இல்லாத ஊருக்கு இரவு தேவையில்லை என்ற முடிவே முறையானது. எனினும் வண்டி ஓட்டுபவரின் உடலும் ஒரு கணக்கே. ஆகையால் கணவனும் மனைவியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஓட்டுவது, மாலை ஆறு மணிக்குள் மதுரையைத் தாண்டியிருந்தால் மட்டும் தொடர்ந்து செல்வது, இல்லையேல் பாட்டியின் சொற்படி மதுரையிலேயே நின்றுவிடுவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்த ஓர் அறை மட்டும் முன்பதிவு செய்யப்படவில்லை.